தங்கவயலா, நெய்வேலியா? சோழபுரத்திலிருந்து ஒரு விடுமுறைப் பயணத்தைத் தீர்மானித்தல்

தீபாவளிச் சரக்கு ஏறி முடிந்ததும் சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். இராசபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதிகளிலிருந்து ஆலை வேனில் போய்வருகிற குடும்பங்களுக்கு ஆண்டில் கிடைக்கும் நீண்ட ஓய்வு அதுதான். நூற்பாலைகளிலும் சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிகளிலும் வேலை செய்வோர் அந்த நாட்களையொட்டி இரண்டொரு நாள் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொள்வர். பத்துப் பதினைந்து வீடுகள் பணம் சேர்த்து ஒரு வேன் பிடித்தால் குற்றாலம், திருச்செந்தூர், கொடைக்கானல் என்று வழக்கமான பட்டியல் ஒன்று இருக்கிறது. சோழபுரத்தில் மாலை நேரப் படிப்பு வகுப்பு நடத்திவரும் எங்களிடம் இம்முறை இளைஞர்கள் அந்தப் பட்டியலில் இல்லாத இரண்டு பெயர்களைக் கொண்டுவந்தனர். ஒன்று கோலார் தங்கவயல். மற்றொன்று நெய்வேலி. இரண்டும் சுரங்க நகரங்கள். கையிலிருக்கும் பணம் ஒரு பயணத்துக்கே போதும். எதைத் தேர்வது என்ற கேள்விக்கு விடை தேடியபோது நாங்கள் திரட்டியவற்றை, இதே கேள்வி எழக்கூடிய பிற ஊர்க்காரர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

விடுமுறைக்கு எங்கே போவது என்பதில் என்ன அரசியல் இருக்கிறது என்று கேட்போர் உண்டு. நம் மூதாதையர் ஊரைவிட்டுப் பயணம் போனதெல்லாம் பிழைப்புக்காகவே. இலங்கைத் தேயிலைத் தோட்டம், மலேயா ரப்பர்த் தோட்டம், கோலார்ச் சுரங்கம் ஆகிய மூன்றும் காலனியாட்சிக் காலத்தில் தமிழகச் சேரிகளை ஆயிரக்கணக்கில் உள்ளிழுத்துக்கொண்ட இடங்கள். வேலை எதுவும் இல்லாமல், பார்ப்பதற்காகவே ஓர் ஊருக்குப் போய்த் திரும்பும் வசதி பல தலித் குடும்பங்களில் இப்போதிருக்கும் தலைமுறைக்குத்தான் முதன்முதலாக வாய்த்திருக்கிறது. அந்த முதற் பயணத்தைத் தாத்தா கூலியாகப் போன இடத்துக்கே வைத்துக்கொள்வதா, அல்லது அதையெல்லாம் மறந்து அருவியில் குளிப்பதா என்பது சிறிய கேள்வி அன்று. அருவியில் குளிப்பவர்களை நாங்கள் குறைசொல்ல வரவில்லை. ஆண்டு முழுவதும் மருந்துப்பொடியிலும் பஞ்சுத் தூசியிலும் நிற்கிறவர்களுக்குக் குளிர்ந்த நீரைவிடச் சிறந்த விடுமுறை வேறில்லை.

முதலில் தங்கவயல். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே பொன் கிடைப்பதைப் பற்றி 1802-இல் லெப்டினன்ட் ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி ஆராய்ந்து எழுதினார். அவருக்கு முன்பே அவ்வூர் மக்கள் கையால் தோண்டிப் பொன் எடுத்துவந்தனர். வாரன் பார்த்ததும் அவர்களுடைய வேலையைத்தான். 1870-களில் மைக்கேல் லவேல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் அன்ட் சன்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனம் நுழைந்தது. அதன் பிறகு தோண்டிய ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக இருந்தது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தனர். பெங்களூர் நகரத்துத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டுகள் கழித்துத்தான்.

இவ்வளவும் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கும். யார் தோண்டினார்கள் என்பது மட்டும் அவற்றில் ஒரே வரியில் முடிந்துவிடும். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து போன ஆதிதிராவிடர்களே நிலத்தடி வேலையின் பெரும்பகுதியைச் செய்தனர். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த தாதுவருடப் பஞ்சம் முடிந்த சில ஆண்டுகளில் சுரங்கங்கள் திறக்கப்பட்டன. பண்ணையில் படியாளாக இருந்தவருக்குப் பாறைக்குள் இறங்குவது அச்சமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அங்கே கூலி காசாகக் கிடைத்தது. நெல்லை அளந்து கொட்டும் ஆண்டையின் கை அங்கே இல்லை. சாதி இல்லாமற் போகவில்லை. மேற்பார்வைக்கு ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும், எழுத்து வேலைக்கு மேல்சாதியினர், ஆழத்தில் ஆதிதிராவிடர் என்று அது வேறு வடிவத்தில் அடுக்கப்பட்டது. தொழிலாளர் குடியிருப்புகளான லைன்கள் ஒருபுறம், துரைமார் பங்களாக்களும் கோல்ஃப் மைதானமும் மறுபுறம். தங்கவயலைக் குட்டி இங்கிலாந்து என்று இன்றும் பெருமையாக எழுதுவோர் இந்த மறுபுறத்தையே குறிப்பிடுகின்றனர்.

ஆழம் கூடக்கூடப் பாறையின் அழுத்தம் கூடும். வெட்டியெடுத்து வெற்றிடமாக்கிய இடத்தைச் சுற்றியுள்ள பாறை தாங்காமல் திடீரென வெடித்துச் சிதறும். தொழிலாளர் இதை ஏர் பிளாஸ்ட் என்றனர். பாறையின் வெப்பமோ கீழ்மட்டங்களில் 60 பாகை செல்சியசைக் கடந்தது. குளிரூட்டிய காற்றைச் செலுத்தியே அங்கு வேலை நடந்தது. இவற்றைவிடக் கொடியது துளையிடும்போது எழும் நுண்ணிய பாறைத்தூசி. நுரையீரலில் படிந்து, மெல்ல இறுகி, மூச்சை நிறுத்தும் சிலிக்கோசிஸ் நோய் அதனால் வந்தது. வெடிப்பில் இறந்தவர் கணக்கில் வருவார். தூசியால் ஊர் திரும்பி இருமி இறந்தவர் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பஞ்சுத் தூசியால் வரும் மூச்சு நோயை ஆஸ்துமா என்று எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் எங்கள் தெருவிலும் இருப்பதால், இந்தப் பகுதியை வகுப்பில் விளக்கியபோது யாரிடமும் கூடுதலாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தங்கவயலுக்குப் போக வேண்டும் என்று நாங்கள் கருதுவதற்கான முதன்மைக் காரணம் இந்தத் துயரம் மட்டுமன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் சென்னைக்கு வெளியே மிக ஆழமாக வேர்பிடித்த இடம் தங்கவயல். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சுரங்கத் தொழிலாளர்கள் சங்கக் கிளைகளை நடத்தினர், விகாரை எழுப்பினர், பள்ளி வைத்தனர். 1907-இல் பண்டிதர் தொடங்கிய இதழ், ‘தமிழன்’ என்ற பெயரோடு 1914-இல் அவர் மறைந்த பிறகு நின்றுபோனது. 1926-இல் அதை மீண்டும் எழுப்பி நடத்தியவர் ஜி. அப்பாதுரையார். நடத்திய இடம் தங்கவயல். பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டுப் பரப்பிய சித்தார்த்த புத்தகசாலையும் தங்கவயலைச் சேர்ந்ததே. கல்வி நிலையங்களும் பதிப்பகங்களும் கைவிட்ட ஒரு சிந்தனையாளரைப் பல்லாண்டுகள் உயிரோடு வைத்திருந்தது சுரங்கத் தொழிலாளர்களின் காசு. இன்று அயோத்திதாசரை ஆய்வு செய்வோர் அனைவரும் அந்தக் காசுக்குக் கடன்பட்டவர்கள்.

போராட்டமும் அங்கே இருந்தது. தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் கட்டளையிட்டபோது 1930-இல் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. கைரேகை என்றதும் தென்மாவட்டத்தாருக்கு 1920-இல் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடு நினைவுக்கு வரும். குற்றப்பரம்பரைச் சட்டம் ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளி என்றது. சுரங்க நிர்வாகம் தன் பொன்னை வெளியே எடுத்துத் தருகிறவரையே திருடர் என்று ஐயுற்றது. இரண்டுக்கும் கருவி ஒன்றே. 1946-லும் வேலைநிறுத்தமும் துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் நேர்ந்தன. அம்பேத்கரிய அரசியலும் பொதுவுடைமை அரசியலும் ஒரே லைனில் எதிரெதிர் வீடுகளில் வளர்ந்த ஊர் அது. இந்தியக் குடியரசுக் கட்சி கர்நாடகச் சட்டமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பிய தொகுதியும் அதுவே.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் கைக்கும், 1962-இல் நடுவணரசின் கைக்கும் போயின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று அது மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட பொன் வெளியே போய்விட்டது. அங்கே மிஞ்சியிருப்பது பாறையை அரைத்துச் சயனைடு கொண்டு பொன்னைப் பிரித்த பின் கொட்டிய கழிவுமண். ஏறத்தாழ 3.3 கோடி டன் மண் குன்று குன்றாக ஊருக்குள்ளேயே நிற்கிறது. ‘கே.ஜி.எஃப்.’ படங்களைப் பார்த்துவிட்டு வருகிற இளைஞர்கள் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வது இந்தச் சயனைடு மலைகளில்தான். அந்தப் படங்களில் ஒரு தனிமனிதன் வந்து அடிமைகளை மீட்கிறான். உண்மைத் தங்கவயலில் அப்படி யாரும் வரவில்லை. சங்கம் கட்டினார்கள், பத்திரிகை நடத்தினார்கள், பள்ளி வைத்தார்கள். பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) வட ஆற்காட்டிலிருந்து போன மக்களைத் திரையின் நடுவில் நிறுத்தியது. எங்கள் வகுப்பில் தங்கவயல் பெயர் எழுந்ததற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.

இனி நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது என்பது பாடப்புத்தகக் கதை. 1956-இல் நிறுவனம் பதிவானது, 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார், சோவியத் உதவியோடு அனல்மின் நிலையம் எழுந்து 1962-இல் மின்சாரம் வந்தது. இங்கே யாரும் குழாய்க்குள் இறங்குவதில்லை. திறந்தவெளிச் சுரங்கம். மேல்மண்ணைப் பல பனைமர ஆழத்துக்கு அகற்றிக் கரியை எடுக்க வேண்டும். சக்கரத்தில் வாளிகள் பொருத்திய பேரெந்திரம் ஒன்று மண்ணைச் சுரண்டுவதைப் பார்க்கிற பிள்ளைகள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள். கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இடைவிடாமல் இறைத்துக்கொண்டிருந்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் நிலைக்கும். சுற்றுவட்டார உழவர்களின் கிணறுகள் வற்றுவது பற்றிய முறையீடுகள் இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

நெய்வேலியை நாங்கள் எளிதில் ஒதுக்கவில்லை. பொதுத்துறை நிறுவனம் என்பதால் அட்டவணைச் சாதியினருக்கான இடஒதுக்கீடு அங்கே நிரந்தர வேலையாகவும் அரசுக் குடியிருப்பாகவும் மாறியது. வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய நகரியத்தில், ஊர்த்தெரு, சேரி என்ற பிரிவினை இல்லாத வரிசை வீடுகளில் வளர்ந்த தலித் பிள்ளைகள் பலர் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் ஆயினர். கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்களின் சாதி இறுக்கத்தை அறிந்தவர்களுக்கு அந்த வரிசை வீடு எவ்வளவு பெரியது என்பது விளங்கும். ‘ஜெய்பீம்’ திரைப்படத்துக்கு அடிப்படையான 1993-ஆம் ஆண்டுக் காவல் மரணம் நிகழ்ந்ததும் இதே வட்டாரத்தில்தான்.

அதே நெய்வேலியின் சுற்றுச்சுவருக்கு வெளியே நில எடுப்புச் சிக்கல் இருக்கிறது. நிலம் கொடுத்தவருக்கு இழப்பீடு, நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வேலை என்பதே நெடுங்காலமாகப் பேச்சு. பட்டா இருப்பவரே நிலம் கொடுத்தவர். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நடவு நட்டு, அறுத்து, களம் சுமந்த நிலமற்ற தலித் குடும்பத்துக்கு நிலம் போனால் பிழைப்பே போகிறது. ஆனால் 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் அவர்களைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம்தான், எடுப்புக்கு முந்தைய மூன்றாண்டுகள் அங்கே உழைத்துப் பிழைத்த வேளாண் கூலிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. 2023 சூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் எந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. பயிரின் உடைமையாளருக்காகக் குரல்கள் எழுந்தன. எழ வேண்டியவையே. அறுவடைக் கூலியை இழந்தவர்களுக்காக எழுந்த குரல் மிகக் குறைவு. சுரங்கத்துக்கு உள்ளேயும் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்று ஒரு புதிய படிநிலை உருவாகியிருக்கிறது. 2020-இல் மே மாதத்திலும் சூலையிலும் கொதிகலன் விபத்துகளில் இறந்தவர்களுள் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தனர்.

இனிப் பயண நடைமுறை. எங்கள் வட்டாரத்தினருக்கு நெய்வேலி பக்கம். இராசபாளையத்தில் பொதிகை விரைவு ரயில் ஏறினால் விடிவதற்குள் விருத்தாசலம். அங்கிருந்து பேருந்து. செலவு பாதிதான் ஆகும். தங்கவயலுக்கு மதுரையோ விருதுநகரோ போய்ப் பெங்களூருக்கு இரவு ரயில் பிடித்து, அங்கிருந்து பங்காருப்பேட்டை வழியாக மாரிக்குப்பம் போக வேண்டும். நெய்வேலிச் சுரங்கத்தைப் பார்க்க நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். கிடைக்காவிட்டால் நகரியத்தின் சாலைகளையும் மரங்களையும் பார்த்துத் திரும்ப நேரிடும். தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்க யாருக்கும் அனுமதி இல்லை. ஆனால் ஊரே திறந்து கிடக்கிறது. லைன்களும் தேவாலயங்களும் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியும் பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். வீதியில் கேட்பது தமிழ்.

வகுப்பில் எழுந்த வலுவான மறுப்பு இதுதான். ஆலைக்குப் போகும் பெண்கள் கேட்டார்கள்: ஆண்டெல்லாம் தூசி தின்கிறோம், விடுமுறையிலும் தூசி மலையைத்தான் பார்க்க வேண்டுமா? நியாயமான கேள்வி. இதற்குப் பருவம் ஒரு பகுதி விடை தருகிறது. சயனைடு மண் பறந்து வீடுகளுக்குள் புகுவது ஆனி, ஆடிக் காற்றில். தீபாவளிக்குப் பின் காற்று அடங்கி, குளிர் தொடங்கியிருக்கும். அதே கார்த்திகையில் கடலூர் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், சேறும் வெள்ளமுமாக இருக்கும். ஆகவே தீபாவளி விடுமுறைக்குத் தங்கவயலும், பொங்கலுக்குப் பிந்தைய நாட்களுக்கு நெய்வேலியும் பொருந்தும். புத்தகம் வாங்கும் எண்ணம் இருந்தால் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி நடக்கும் நாட்களையும் கருதலாம்.

விடையின் மறுபகுதி, அங்கே போய் எதைப் பார்ப்பது என்பதில் இருக்கிறது. தனியார் சுற்றுலா வேன்கள் தங்கவயல் வழியே கம்மசந்திரத்துக் கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்குப் போய்ப் பெரிய லிங்கத்தைக் காட்டி, போகிற போக்கில் மண்மேட்டையும் காட்டித் திரும்பிவிடும். நம் பயணம் மாரிக்குப்பத்தில் தொடங்கட்டும். 1894-இல் போட்ட கிளைப்பாதை அங்கேதான் முடிகிறது. சுரங்கம் மூடிய பின் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் விடியுமுன் அந்த ரயிலில் பெங்களூருக்குக் கூலி வேலைக்கும் பாதுகாவலர் வேலைக்கும் போய் இரவில் திரும்புகின்றனர். அந்த ரயிலில் ஒருமுறை உட்கார்ந்து வந்தாலே தங்கவயலின் இன்றைய நிலை விளங்கும். பிறகு பௌத்த விகாரைகள். பிறகு சாம்பியன் ரீஃப். 1965-இல் அங்கே 2 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்து அறிவியலாளர்கள், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டனர். உலகில் அத்தகைய முதற் பதிவுகளுள் அதுவும் ஒன்று. அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது, அந்த ஆழம் வரை வழி வெட்டியவர்கள் யார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேட்டின் மேல் ஏற வேண்டாம். கைவிடப்பட்ட தண்டுவழிகளின் அருகே பிள்ளைகளை விட வேண்டாம். லைன் வீடுகளின் வாசலில் நின்று கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். குடியிருப்பு உரிமைக்காக இன்னும் மன்றாடுகிற மக்கள் அவர்கள். நம் தெருவுக்குள் யாரோ வேனில் வந்து இறங்கி நம் கூரையைப் படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அங்குள்ள உணவகத்தில் சாப்பிட்டு, அங்குள்ள ஆட்டோவில் சுற்றி, ஓய்வுபெற்ற தொழிலாளர் ஒருவரிடம் அரை நாள் பேசக் கேட்டு, அதற்கு உரிய பணமும் கொடுப்பது முறை.

தங்கவயலில் மேற்பார்வையாளர்களாக இருந்தவர்களில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கப் பகுதியிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய சொந்த ஊர்ச் சுரங்கங்களை 2006-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அங்கே அருங்காட்சியகம் உண்டு, வழிகாட்டி உண்டு, நுழைவுச்சீட்டு உண்டு. அவர்களின் கீழே இறங்கி உழைத்தவர்களின் ஊருக்கு இருபத்தைந்து ஆண்டுகளாகப் பூட்டும் காவலும் மட்டும். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பழைய தங்கச் சுரங்கம் ஒன்றைக் கேளிக்கைப் பூங்காவாக மாற்றிய இடத்தின் அருகிலேயே நிறவெறிக் கொடுமையைப் பதிவுசெய்யும் அருங்காட்சியகம் 2001-இல் திறக்கப்பட்டது. சூதாட்ட விடுதிக்கு உரிமம் கேட்டவர்கள் ஒரு சமூகப் பணியும் செய்தாக வேண்டும் என்ற நிபந்தனையால் வந்தது அது. தங்கவயல் மூடப்பட்ட அதே ஆண்டு. தொழிலாளர் வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று கேட்க, வந்து பார்க்கிறவர்களின் எண்ணிக்கையும் ஒரு வாதமாகப் பயன்படும்.

எனவே எங்கள் வகுப்பு இம்முறை தங்கவயலைத் தேர்ந்திருக்கிறது. மூன்று இரவு, இரண்டு பகல். திரும்பும் வழியில் பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் அரை நாள், அது பெண்கள் வைத்த நிபந்தனை. நெய்வேலிக்கு அனுமதி கேட்டுத் தை மாதத்துக்கென இப்போதே கடிதம் எழுதுகிறோம். அந்தப் பயணத்தில் நகரியத்துக்குள் ஒரு நாளும், நிலம் போன ஊர்களின் கூலிக்குடும்பங்களோடு ஒரு நாளும் இருப்பதென்று திட்டம்.